கம்பத்தடியில் ஒரு மச்சான்

போன செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில் உப்பளத்து ரோட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிறேன். தூரத்தில் ஐஸ் பேக்டரி வாசலில் ஒரே கூட்டம்.

சும்மா கூட்டமில்லை. எங்கள் லைன் ஸ்விட்ச் இருக்கிற கம்பத்தைச் சுற்றிய கூட்டம். அங்கிருந்து நாலைந்து கம்பம் தள்ளி, உச்சியில், கம்பியோடு கம்பியாக எங்கள் ஆள் ஜெபமணி.

என் கால் பெடலிலிருந்து நழுவிவிட்டது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி - மின்சார லைன் வேலை எடுக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் நான் சூப்பர்வைசர். தூத்துக்குடி கடற்கரையில் கம்பத்தின் பெரிய எதிரி புயல் அல்ல, உப்பு. கம்பியைத் தாங்குகிற பீங்கான்களின் மேல் உப்புக்காற்று படிந்து படிந்து பொருக்குத் தட்டிவிடும். அதிகாலைப் பனி அதில் விழுந்தால் தீப்பொறி பறக்கும். ஆகவே லைனை நிறுத்திவிட்டு, ஆள் ஏறி, பீங்கானைத் துடைக்க வேண்டும்.

லைனை நிறுத்துவது எப்படி? ஒரு கம்பத்தில் நெஞ்சு உயரத்துக்கு இரும்புக் கைப்பிடி ஒன்று இருக்கும். கீழே இழுத்தால் லைன் செத்துவிடும். மேலே தள்ளினால் உயிர் வந்துவிடும். உயிர் லைனுக்குத்தான் வரும்... மேலே இருக்கிறவனுக்குப் போய்விடும்.

கைப்பிடிக்குப் பூட்டு கிடையாதா என்று கேட்பீர்கள். இருந்தது. உப்புக்காற்று தின்றுவிட்டது. புதுப் பூட்டுக்கு எழுதிப் போட்டு இரண்டு மாதம். 'வரும், வரும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவரை பூட்டுக்குப் பதில் ஒரு மனிதனை நிறுத்த வேண்டும். மேலே ஏறினவன் இறங்கி நடந்து வந்து, தன் வாயால் 'இறங்கிவிட்டேன்' என்று சொல்லும்வரை கீழே நிற்கிறவன் கைப்பிடியை விட்டு நகரக் கூடாது.

இவ்வளவுதான் வேலை. இதற்கு ஆள் பழக்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

ஏறுவதற்கு ஆள் தேடியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது உடன்குடிதான். என் சொந்த ஊர்ப் பக்கம். என் அப்பா பனையேறி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எனக்குப் பனையில் பாதி ஏறினாலே தலை சுற்றும், அது வேறு விஷயம். காலையில் நாற்பது பனை ஏறுகிறவனுக்கு ஒரு மின்சாரக் கம்பம் எம்மாத்திரம்? ஆறு பேரைக் கூட்டி வந்தேன். ஓனர் முன்னால் 'சார்' என்பார்கள், அவர் தலை மறைந்ததும் 'தம்பி' என்பார்கள். வேலை வேகமோ வேகம். நானும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

பிறகுதான் தெரிந்தது. ஏறச் சொன்னால் ஆறு பேரும் ஏறுவார்கள். நிற்கச் சொன்னால் ஒருவனும் நிற்க மாட்டான்.

"என்னண்ணே, ஸ்விட்ச்சை விட்டுட்டு எங்கன போனிய?" என்று ஆறு பேரில் ஒருவரான தங்கையாவைக் கேட்டேன்.

"அடுத்த கம்பத்தை ஏறிட்டு வந்தேன் தம்பி. சும்மா நிக்கச் சொல்லுதிய... எவனாவது பாத்தா என்ன நினைப்பான்?"

"என்ன நினைப்பான்?"

"பனைக்குக் கீழ நிக்கவன் யாரு? ஓசிப் பதனிக்கு வந்தவன்லா."

இதற்கு நான் படித்த டிப்ளமோவில் பதில் சொல்லித் தரவில்லை.

அவர்கள் மேல் குற்றமில்லை. பனங்காட்டில் ஒருவனுக்கு அவனவன் பனை. மேலே ஏறினவனுக்காகக் கீழே ஒருவன் காத்துக்கொண்டிருப்பது என்பது அங்கே இல்லாத வழக்கம். பாதுகாப்பு பெல்ட் கதையும் இதேதான். இடுப்பையும் கம்பத்தையும் சேர்த்து மாட்டுகிற தோல் பெல்ட். "மாட்டைக் கட்டுத மாதிரி என்னையும் கட்டப் போறியளா?" என்று கேட்டு அதைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டவரும் இந்தத் தங்கையாதான். கம்பத்தில் ஏறும்போது ஒருநாளும் அந்தக் கொக்கியை அவர் தொட்டது கூட இல்லை.

ஒருநாள் ஆள் இல்லாத கைப்பிடியை வழியோடு போன யாரோ மேலே தள்ளிவிட்டார்கள். ஜெபமணி அப்போதுதான் கீழே இறங்கி பீடி பற்ற வைத்திருந்தான். தலைக்கு மேல் கம்பி 'விர்'ரென்று இரைந்தது. அவன் கையிலிருந்து பீடி விழுந்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபமணிக்கு நாலு மாதக் குழந்தை. கூட்டி வந்தவன் நான். என்ன சொல்லித் தேற்றுவேன் அந்த வீட்டில்?

அறிவுரை சொன்னேன். அதட்டினேன். 'சரி தம்பி' என்று தலையாட்டிவிட்டு மறுநாளும் கம்பத்தில்தான் இருந்தார்கள். ஆளை வேலைக்குப் பழக்குவது எளிது ஸார், வேலை இல்லாததுபோல் தெரிகிற வேலைக்குப் பழக்கிப் பாருங்கள்!

வழி கிடைத்தது பீச் ரோட்டு டீக்கடையில். சங்கு குளிக்கிற லூர்து என் பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். வயது என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும். கடலுக்குள் மூச்சடக்கி இறங்குகிறவன், மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருக்கிறவனை நம்பித்தானே இறங்குகிறான்? எப்படி நம்புகிறாய் என்று கேட்டு வைத்தேன்.

"கயித்தைக் கண்டவன் கையில குடுப்பமா? பொண்டாட்டி கூடப் பொறந்தவன் கையிலதான் குடுப்போம்."

"உன் கூடப் பொறந்தவன் இருக்கானே?"

"அவன் பாசக்காரன்தான். ஆனா நான் போயிட்டா அவனுக்குச் சொத்துல ஒரு பங்கு மிச்சம். மச்சானுக்கு அப்படியா? கயித்தை விட்டா அவன் தங்கச்சி தாலில்லா போவும். பொறவு அவளையும் பிள்ளையளையும் எவன் வச்சுக் காப்பாத்துதது? அவன்தான். அந்தப் பயத்துலயே மச்சான்மாரு கண்ணு சிமிட்ட மாட்டானுவ."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஏனென்றால், ஜெபமணியின் பெண்டாட்டி தங்கையாவின் தங்கை.

ஆனால் ஒரு சிக்கல். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. குழந்தைக்குத் தன் தாயார் அன்னம்மாள் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று தங்கையா நின்றிருக்கிறார். ஜெபமணி ஞானஸ்நானத்தன்று சர்ச்சில் பாதிரி ஐயரிடம் 'கிரேஸ்' என்று சொல்லிவிட்டான். அன்றோடு மச்சான் உறவு முறிந்தது. கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

இருந்தாலும் மறுநாள் காலையில் பெயர் வாசித்தேன். "ஜெபமணி மேலே. ஸ்விட்ச்சில் தங்கையா அண்ணன்."

"அவனுக்கா? வேற ஆளைப் பாருங்க தம்பி."

"சரிண்ணே. உங்க மாப்ளயோட உசிரை வேற எவன் கையிலயாவது குடுத்துருதேன். யாரு கையில குடுக்க, நீங்களே சொல்லுங்க."

தங்கையா ஒவ்வொருத்தன் முகமாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஸ்விட்ச் கம்பத்தைப் பார்த்து நடந்தார்.

மூன்று வாரம் ஓடியது. பேச்சு மட்டும் இல்லை. ஜெபமணி இறங்கி வந்து கம்பத்தைப் பார்த்து, "எறங்கியாச்சு" என்பான். தங்கையா கடலைப் பார்த்து, "கேட்டாச்சு" என்பார். நான் பார்த்த சம்பாஷணைகளிலேயே சுருக்கமானது இதுதான்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். கூட்டத்தின் நடுவில் ஐஸ் பேக்டரி மேனேஜர், வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். பக்கத்தில் இரண்டு தடியான ஆட்கள். படகெல்லாம் கரைக்கு வந்துவிட்டது, மீன் இறங்கிவிட்டது, கரண்ட் இல்லாமல் ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. அவர் கஷ்டம் அவருக்கு.

"ஆள் எறங்கிட்டான்னு நானே என் கண்ணால பாத்தேன். தள்ளுய்யா."

அவர் பொய் சொல்லவில்லை. வேறு கம்பத்தில் துடைத்த ஒருவன் இறங்கிப் போனதைத்தான் பார்த்திருக்கிறார். ஜெபமணி இருந்த உச்சியை பேக்டரிக் கூரை மறைத்துக்கொண்டது.

கூட்டத்தை விலக்கினேன். பார்த்தேன்.

கம்பத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் தங்கையா. தோளுக்குப் பக்கத்தில் இரும்புக் கைப்பிடி, கீழே இழுத்தபடியே. அந்தக் கைப்பிடித் தண்டையும் கம்பத்தையும் தன் நெஞ்சையும் சேர்த்து ஒரே சுற்றாக, இறுக்கி மாட்டியிருக்கிறார் - பெல்ட்டை. மாட்டைக் கட்டுகிற அதே பெல்ட்டை.

கைப்பிடியை அசைக்க வேண்டுமானால் முதலில் தங்கையாவை அசைக்க வேண்டும்.

"எவன் எறங்குனா எனக்கென்னவே?" என்று மேனேஜரிடம் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "என் மாப்ள வந்து சொல்லணும். அவன் வார வரைக்கும் மீனு செத்தா சாவட்டும். அது செத்த மீனுதான."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயிலால் இருக்கலாம். 'அப்பாடா' என்று அந்த மணலிலேயே உட்கார்ந்தேன். மேனேஜரும் பேக்டரியைச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது முகத்தில் ரத்தமில்லை. எனக்குப் பக்கத்தில் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

ஜெபமணி வேலையை முடித்து இறங்கி வந்தான். நடந்ததை யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டுண்டு கிடந்தவரைப் பார்த்தான். கம்பத்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தான்.

"மச்சான்... எறங்கிட்டேன்."

தங்கையாவும் கடலைப் பார்க்கவில்லை.

"கேட்டுச்சு. அதான் எறங்கிட்டல்லா, நின்னு பாத்துட்டிருக்க... இந்தச் சனியனை அவுத்து விடு. மாட்டத் தெரிஞ்சுது, அவுக்கத் தெரியல."

ஜெபமணி குனிந்து கொக்கியை நெம்பினான். "மூச்சைப் பிடிங்க மச்சான்."

"பிள்ளைக்குப் பேருதான் உன் இஷ்டத்துக்கு வச்ச. பெல்ட்டையாவது மெல்ல அவுருலே."

மேனேஜரே முதலில் சிரித்தார். ஐஸும் பிழைத்தது.

வெள்ளிக்கிழமை புதுப் பூட்டு வந்து சேர்ந்தது. நல்ல கனமான பித்தளைப் பூட்டு. கைப்பிடியில் மாட்டிப் பூட்டி, சாவியை ஜெபமணி இடுப்பில் முடிந்து மேலே அனுப்பினேன். திரும்பிப் பார்த்தால், கம்பத்தடியில் தங்கையா துண்டை விரித்துக்கொண்டிருக்கிறார்.

"இனிமே நீங்க இருக்க வேண்டாம்ணே. அதான் பூட்டு வந்துட்டே."

தங்கையா பூட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"பூட்டுக்குத் தங்கச்சி உண்டுமா தம்பி?"