திரையில் நாற்பது பேர்

"கொழாய் ஒழுகினா இணையத்துல என்னன்னு தேடுவே?" வேலையில் சேர்ந்த அன்று, எனக்கு வேலை கற்றுத்தர இருந்த மூத்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"குழாய்க் கசிவைச் சரிசெய்வது எப்படின்னு தேடுவேன் சார்."

"அடேங்கப்பா! தண்ணி கணுக்கால் வரைக்கும் நிக்கும்போது ஒற்றுப்பிழை பாப்பியா?"

"வேற எப்படி?"

"'கொழாய் ஒழுகுது என்ன பன்றது.' ரெண்டு சுழி ன. அவசரத்துல இருக்கிறவன் அப்படித்தான் அடிப்பான். அந்தத் தப்போட நாமளும் ஒரு வரி எழுதணும்."

"எங்க பள்ளிக்கூடத்துல தமிழ், இங்கிலீஷ் ரெண்டு மொழியிலயும் பிழையில்லாம எழுதத்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

"அப்போ ரெண்டுலயும் தப்பு பண்ணக் கத்துக்கோ, தாயே."

குழாய்ச் சாமான் விற்கும் நிறுவனம். தேடுபவர்கள் கண்ணில் அதன் பக்கம் முன்னால் படும்படி கட்டுரை எழுதுவது எங்கள் வேலை. அவருடையவை எப்போதும் முன்னால் வந்ததால் அலுவலகத்தில் அவருக்கு 'முதல் பக்கம்' என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர், மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். மதியம் எல்லோரும் மாடிக்குச் சாப்பிடப் போவோம். அவர் மேசையிலேயே டப்பாவைத் திறப்பார். அந்த நொடியில் எத்தனை பேர் அவர் கட்டுரையைத் திறந்திருக்கிறார்கள் என்று திரையின் மூலையில் ஓர் எண் காட்டும். "நாப்பது பேர் இருக்காங்க" என்பார், பந்திக்கு ஆள் வந்ததுபோல.

பிறகு தேடுபொறி மாறியது. கேட்டதற்குத் தானே பதில் எழுதி உச்சியில் காட்டத் தொடங்கியது. அதற்குக் கீழே யாரும் இறங்கி வரவில்லை. ஒருநாள் அந்தப் பதிலை இருவரும் படித்தோம். 'முதலில் வாளியை வையுங்கள்' உட்பட எல்லாம் அவர் எழுதியதுதான். பிழையை மட்டும் திருத்தியிருந்தது.

"கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்.

நாற்பது பத்தாகி, பத்து மூன்றானது. மாதக் கடைசியோடு அவர் வேலை முடிகிறது என்று மேலாளர் சொன்ன அன்று, நான் மாடிக்குப் போகவில்லை. மூலையில் 1 என்று இருந்தது.

"ஒருத்தர் இருக்காரே சார்."

"அது நான்தாம்மா. என் போன்லயே திறந்து வெச்சிருக்கேன்."

நாங்களும் திறந்தால் வேலை நிலைக்குமா என்று கேட்டேன்.

"வேலை போனது போனதுதான்." டப்பாவை மூடினார். "மாசக் கடைசி வரைக்கும் மத்தியானத்துல நீ அதைத் திறந்து வையேன். படிக்கணும்னு இல்ல. ஆனா நடுவுல சில நாள் திறக்காம இரு. என்னிக்கின்னு எங்கிட்ட சொல்லாத. அப்பத்தான் வந்திருக்கிறது வேற யாரோன்னு நெனச்சுக்க முடியும்."