டொக்டர் தொடாத மீன்

பினாயில் மணம் எங்கே வந்தாலும், நெடுந்தீவில் நான் தாதியாக இருந்த சின்ன ஆஸ்பத்திரி நெஞ்சுக்குள் விழித்துக்கொள்ளும். போர்க்காலத்தில் ஒரு நாள். தூரத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்துவரும் மலரக்கா அன்றோடு வேலையை விடுவதாக இருந்தார். "நான் இருந்தாலும் இல்லாட்டியும் இஞ்சை ஒண்டுதான்" என்றார். அவர் போனால் பிரசவ அறை என்னாகும்?

அன்று காலை ஒருவர் பெரிய பாரை மீனோடு ஓடிவந்தார். "டொக்டர், தாயும் பிள்ளையும் சுகம். இது உங்களுக்கு."

எங்கள் ஆட்கள் நன்றியை வாயால் சொல்வதில்லை, கையில்தான் கொண்டுவருவார்கள். டொக்டர் மீனைத் தொடவில்லை.

"மலரக்காவிட்டைக் கொடும். ஏனெண்டும் வாய்விட்டுச் சொல்லும்."

அவர் மலரக்காவிடம் போய்க் கூச்சத்தோடு சொன்னார்: "நீங்கள் தண்ணி கொண்டுவராட்டி என்ரை பிள்ளை இல்லை, அக்கா."

மலரக்கா ஈரக் கைகளைச் சேலையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார். தலைமையில் இருப்பவர் தனக்கு வந்த நன்றியைத் தன்னோடு நிறுத்தாமல் உரியவரிடம் அனுப்பினால் ஓர் ஆஸ்பத்திரியே நிமிர்ந்து நிற்கும் என்று அன்றுதான் கண்டேன்.

பின்னேரம் டொக்டர் மலரக்காவோடு வாசல் படலைவரை வந்தார். "அப்ப போறியளோ, அக்கா?"

"ஓம். விடிய வெள்ளண வாறன். அந்த வாளி ஒழுகுது, வேறை ஒண்டு எடுத்து வையுங்கோ."