மரத்தில் தொங்கும் போன்கள்

இலங்கை மலைநாட்டில், ராகலைக்குக் கொஞ்சம் முன்னால் மண் சரிந்து பஸ் நிற்கிறது. என் விசா இன்றோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பித்ததற்குப் பதில் மின்னஞ்சலில் வர வேண்டும். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. போலீஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு ரோட்டில் நடக்கிறேன்.

மேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா கூப்பிடுகிறார்.

"அங்க கவரேஜ் வராது தம்பி. இந்த மரத்துக்கிட்ட வாங்க."

ஏறிப் போகிறேன். கிளையில் ஐந்தாறு போன்கள், தூறலில் நனையாதபடி பொலித்தீன் பைகளில் தொங்குகின்றன. மணி அடித்தால் அவரவர் ஓடிவந்து எடுப்பார்களாம். எனக்கும் ஒரு பை நீட்டுகிறார். எனக்குப் போனைக் கையிலிருந்து விட மனமில்லை. திறந்து திறந்து பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை.

"என்ன அவசரம் தம்பி?"

"நான் இந்தியாக்காரன் அக்கா. உடப்புசல்லாவையில வேலை. விசா இன்னிக்கு முடியுது."

"முடிஞ்சா என்னா செய்வாங்க?"

"பிடிச்சு ஊருக்கு அனுப்பிருவாங்க."

கொழுந்து பறிக்கும் கை நிற்கிறது. தன் போன் தொங்கும் நீலப் பையைப் பார்க்கிறார்.

"எம் மக அரபு நாட்டுல வீட்டு வேலைக்குப் போனா. விசா முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. அந்த வீட்டுக்காரங்க விட மாட்டேங்கிறாங்க. அவளையும் யாராச்சும் பிடிச்சு ஊருக்கு அனுப்ப மாட்டாங்களான்னுதான் இருக்கேன்."