விரத வீட்டு நாயும் பன்னீர் திராட்சையும்

1. காலை ஏழு மணி போன்

"அக்கா, பட்டாணி விடியக்காலையில இருந்து வாந்தியா எடுக்குது. தண்ணி வச்சா மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிருது."

பேசியது தங்கப்பாண்டி. கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். ஐந்து நாளைக்கு முன்னால்தான் எங்கள் காப்பகத்திலிருந்து பட்டாணி என்ற நாயைத் தத்தெடுத்துப் போயிருந்தார். நான் அப்போது கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன். ஹோஸைக் கீழே போட்டதும் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியதும் பிறகுதான் தெரிந்தது.

"என்ன சாப்பிட்டுச்சு?"

"எப்பயும் போலத்தான்க்கா. தயிர்சோறு."

"பட்டாசு ஏதும் கடிச்சிருக்குமா? கேக் எதுவும் யாராச்சும் குடுத்தாகளா?"

"விரத வீட்டுல கேக் ஏதுக்கா?"

"கார எடுங்க சாமி. தேனிக்கு வந்துருங்க. நான் கிளினிக்குல நிக்கிறேன்" என்றேன். மாலை போட்டிருந்ததால் அவர் எல்லோருக்கும் சாமிதான். என் மகன் வயதுதான் இருக்கும்.

காப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் முப்பது வருடம் அரசு மாட்டாஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தேன். உதைக்கிற மாட்டைக் கட்டிப் பிடிப்பதும், ஊசி போடும்வரை ஆட்டிடம் பேச்சுக் கொடுத்து ஏமாற்றுவதும்தான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாதம் வீட்டில் இருந்து பார்த்தேன். எனக்கு உட்கார்ந்து பழக்கம் இல்லை. தேனிக்கு வெளியே தெருநாய்களை எடுத்துக் காப்பாற்றித் தத்துக் கொடுக்கும் இந்தக் காப்பகத்தில் வந்து சேர்ந்துகொண்டேன்.

இங்கே எனக்குப் பிடிக்காத மாதம் டிசம்பர். அரையாண்டு லீவு விட்டதும் பிள்ளைகள் நாய் கேட்டு அடம்பிடிக்கும். பெற்றவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் பாதி நாய்கள் திரும்பி வந்துவிடும். திரும்பி வந்த நாய் கேட்டையே பார்த்துக்கொண்டு கிடப்பதை நீங்களும் பார்ப்பீர்கள். இது போதாதென்று கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டு வெடி, சபரிமலை சீசனுக்குக் கம்பம் ரோட்டில் நிற்காமல் ஓடும் வண்டிகள். டிசம்பர் முழுக்க என் கையில் போன் இருக்கும், காதில் பதற்றம் இருக்கும்.

2. நான் வாசித்த தாள்

பட்டாணி வெளுத்த பழுப்பு நிற நாட்டு நாய். ஒரு காது மடங்கி இருக்கும். சின்னமனூர் பைபாஸில் லாரி தட்டி, எங்களிடம் வந்து, கால் தேறியவன். அவனை எடுக்கத் தங்கப்பாண்டி தன் மனைவி ஈஸ்வரியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் வந்திருந்தார்.

தத்துக் கொடுக்கும்போது ஒரு தாளை வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவது எங்கள் வழக்கம். ஏதோ ஒரு பெரிய நகரத்துக் காப்பகம் தயாரித்ததைத் தமிழில் எழுதி வைத்திருந்தோம். நான் அதை மனப்பாடமாகவே ஒப்பிப்பேன். கேட்டைத் திறந்து போடக் கூடாது. கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுத வேண்டும். வெடிச் சத்தம் கேட்டால் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். பனிக்கு ஒரு சாக்கு விரிக்க வேண்டும். வெளியூர் போனால் யார் சோறு வைப்பது என்று முன்பே சொல்ல வேண்டும். சாக்லேட் கூடாது, கேக் கூடாது, கிஸ்மிஸ் கூடாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தங்கப்பாண்டி ஒரு சந்தேகம் கேட்டார்.

"அக்கா, நான் மாலை போட்டிருக்கேன். மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் வீட்டுல கறி, முட்டை எதுவும் கெடையாது. அதுக்கு என்ன போட?"

நியாயமான கேள்வி. கூண்டுக்குள் இன்னும் பதினொரு நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. நான் அடுத்த வேலைக்கு ஓட வேண்டும்.

"அதுக்கென்ன சாமி, தயிர்சோறு போடுங்க. திங்கலேன்னா வீட்டுல இருக்க பழத்தக் குடுங்க. பழம் ஒண்ணும் செய்யாது" என்றேன்.

திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் இருக்கிற பழம் எது என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. கிஸ்மிஸ் என்பது மளிகைக் கடையில் பொட்டலத்தில் வருவது. திராட்சை என்பது பந்தலில் தொங்குவது. கிஸ்மிஸ் கூடாது என்று வாசித்து அரை நிமிடம் ஆகவில்லை, அதே வாயால் திராட்சைக்கு அனுமதி கொடுத்துவிட்டேன்.

3. டாக்டரம்மா கேட்ட கேள்வி

கிளினிக்கில் இருந்தது இளவயது டாக்டரம்மா. பேச்சில் சர்க்கரை கிடையாது, கையில் பதற்றமும் கிடையாது. அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும். பட்டாணியை மேஜையில் கிடத்தி வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவன் முனகினான்.

"தயிர்சோறு தவிர வேற என்ன குடுத்தீங்க?"

"தயிர்சோத்தச் சரியா திங்கல மேடம்" என்றாள் ஈஸ்வரி. "கத்தரிச்சு எடுக்கையில உதிர்ற பன்னீர் திராட்சை இருக்குல்ல, அத வச்சேன். ஆசையாத் தின்னுச்சு. நேத்து ஒரு தட்டு நெறைய."

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார். "திராட்சை நாய்க்குக் கிட்னியை அடிச்சிரும்மா."

"எங்க தோட்டத்துல எத்தனையோ நாய் பந்தலுக்குக் கீழதான் கெடக்கும், மேடம். அதுகளுக்கு ஒண்ணும் ஆனதில்லையே."

"எல்லா நாய்க்கும் ஆகாது. எந்த நாய்க்கு ஆகும்னு முன்னாடியே சொல்ல முடியாது. யாரு குடுக்கச் சொன்னா?"

தங்கப்பாண்டி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார். "வீட்டுல வேற ஒண்ணும் இல்ல மேடம். பசியாக் கெடக்குதேன்னு குடுத்துட்டோம்."

அதில் பொய் இல்லை. ஆனால் என் பேரும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். "டிரிப் ஏத்துற கேனுலா ஊசி எடுத்துட்டு வரவா?" என்றுதான் வந்தது. அந்தக் கேவலத்தை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

ரத்தம் எடுத்தார்கள். கிட்னி பழுதானால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. டிரிப் போட்டார்கள்.

"ஏத்துற தண்ணி யூரினா வெளிய வரணும். வந்தா கிட்னி வேலை செய்யுதுன்னு அர்த்தம். வரலேன்னா எனக்கும் வழி கம்மி" என்றார் டாக்டரம்மா.

ஆக, ஒரு நாய் ஒன்றுக்குப் போக வேண்டும். அதற்காக நாங்கள் காத்திருந்தோம். நான் அவனுக்குக் கீழே விரித்த பழைய துணியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி தொட்டேன். "அக்கா, ஒரு இடத்துல உக்காருங்க. உங்களப் பாத்தா எனக்கு பிபி ஏறுது" என்று டாக்டரம்மாவே அதட்டினார். உட்கார்ந்தேன். ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

ஈஸ்வரி சுவரோரம் நின்று அழுதாள். "என் கையாலயே வச்சேனே அக்கா. பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லுவேன்?" அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். தட்டிக் கொடுத்த கைதான் குற்றவாளியின் கை. அன்று சாயங்காலம் கிளினிக்கை மூடும்வரை ஒரு சொட்டு வரவில்லை.

4. இருமுடியோடு வந்தவர்

மறுநாள் காலை தங்கப்பாண்டி இருமுடிக் கட்டோடு வந்தார். கட்டு கட்டியாயிற்று, குழுவோடு புறப்பட்டே ஆக வேண்டும். வேனில் இருந்தவர்களைக் கம்பத்தில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தம்பி காரில் ஈஸ்வரியை அழைத்துக்கொண்டு தேனிக்கு ஓடி வந்திருந்தார். செருப்பில்லாத காலோடு பட்டாணி முன்னால் நின்றார்.

"பேஞ்சுச்சாக்கா?"

"இன்னும் இல்ல சாமி."

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகு என்னால் அடக்க முடியவில்லை. டாக்டரம்மாவையும் கூப்பிட்டேன்.

"பழம் குடுங்கன்னு சொன்னது நான். ஈஸ்வரி மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்குக் கிஸ்மிஸ் கூடாதுன்னு தாள வாசிச்சதும் நான்தான், பழம் ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னதும் நான்தான். நேத்தே சொல்லிருக்கணும். வாய் வரல."

ஈஸ்வரி அழுகையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள். முறைக்க வேண்டியதுதான். டாக்டரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கிஸ்மிஸ் எதுல இருந்து வருதுக்கா?"

நான் குனிந்து பட்டாணியின் மடங்கிய காதை நீவினேன்.

தங்கப்பாண்டிதான் பேசினார். "நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குக்கா. நேத்தே உங்கள மாட்டிவிட்டிருக்கலாம். நீங்க வெக்கப்பட்டு வீட்டுக்குப் போயிட்டா, இவன யாரு பாத்துக்குவா? இவன் ஒண்ணுக்குப் போகட்டும். அப்புறமா ஈஸ்வரிகிட்ட வாங்கிக் கட்டிக்கங்க."

அதைச் சொல்லிவிட்டு இருமுடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஈஸ்வரி போகவில்லை. என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் பட்டாணியின் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பக்கம் நான். டாக்டரம்மா நீர் பிரிய ஒரு ஊசி போட்டு, டிரிப்பின் வேகத்தைக் குறைத்தார். சாயங்காலத்துக்குள் ஏதாவது வந்தால் உண்டு என்றார். எனக்குச் சாமி கும்பிடும் பழக்கம் குறைவு. அன்று எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை.

மூன்று மணி இருக்கும். பட்டாணி தலையைத் தூக்கினான். எழ முயன்று பின்னங்கால் தடுமாறியது. விழாமல் இருக்க அவனை அணைத்துத் தூக்கினேன். இடுப்புக்குக் கீழே சுடச்சுட என்னவோ இறங்கியது. என் சேலை நனைந்து, செருப்புக்குள் போய், தரையில் ஓடியது.

"மோண்டுட்டான்! ஈஸ்வரி, மோண்டுட்டான்!" என்று கத்தினேன். வரிசையில் பூனையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் பயந்து எழுந்துவிட்டார். ஈஸ்வரி என்னை அந்த ஈரச் சேலையோடு கட்டிக்கொண்டாள்.

தங்கப்பாண்டிக்கு ஒன்பது தடவை போட்டும் போன் எடுக்கவில்லை. பத்தாவது தடவை பம்பையில் எடுத்தார். சுற்றிலும் ஒரே இரைச்சல்.

"சாமி, பேஞ்சுருச்சு!"

"நெறையவா?"

"என் சேலை பூராவும்!"

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ சொல்லுவது கேட்டது. "எங்க வீட்டு நாய் மோண்டுருச்சு சாமி!" குழுவே சரணம் விளித்தது. எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

5. தாளில் சேர்த்த வரி

பட்டாணி மேலும் நான்கு நாள் கிளினிக்கில் இருந்தான். மலையிலிருந்து வந்த தங்கப்பாண்டி மாலையைக் கழற்றிய கையோடு அவனை வீட்டுக்கு அழைத்துப் போனார். புத்தாண்டு வெடிக்கு உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தானாம். பள்ளிக்கூடம் திறந்தும் திரும்பி வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் நான் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். உதிர்ந்த பழத்தை அன்றன்றைக்கு வாரிக் கொட்டிப் புதைக்கக் குழி வெட்டியிருந்தார்கள். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கம்பி வலை. ஈஸ்வரி காபி கொடுத்தாள். கொடுக்கும்போது, "இது நீங்க குடிக்கலாம், ஒண்ணும் செய்யாது" என்றாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தாளில் கிஸ்மிஸ் என்ற இடத்துக்குப் பக்கத்தில் திராட்சை என்று என் கையால் எழுதினேன். அது போதாது என்பது அப்புறம்தான் உறைத்தது. எவரோ எங்கேயோ எழுதிய தாளுக்கு நம் ஊர்த் தோட்டங்கள் தெரியாது. நாளைக்கு வருகிறவர் ஏலக்காய்த் தோட்டக்காரராக இருப்பார். மருந்தடித்த செடிக்கு அடியில் நாய் படுக்கும். அதை எந்தத் தாள் சொல்லும்? முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் கேட்கிறவர்களுக்கு உடனுக்குடன் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். என் அவசரம்தான் பட்டாணியைச் சாகக் கிடத்தியது.

அதற்கு அடுத்த டிசம்பரில் போடியிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். பிள்ளைக்கு லீவு. நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

"அக்கா, இதுக்கு என்ன சாப்பாடு போட?"

பின்னால் கூண்டில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. கால் பரபரத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"அது இருக்கட்டும்மா. உங்க வீட்டுல, தோட்டத்துல என்னென்ன இருக்கு, மொதல்ல அதச் சொல்லுங்க."