ஏழாவது எருக்கிலை

கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்த பிறகு, முதல் ரதசப்தமியன்று நான் ஆறு எருக்கிலைகளோடுதான் குளித்தேன். தலையிலும் தோளிலும் ஏழு இலைகளை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். மாமனார் முந்தின நாளே பறித்துவந்து, ஆளுக்கு ஏழு என்று எண்ணி வைத்திருந்தார். என்னுடைய ஏழாவது இலையின் அடியில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு குட்டிப் புழு இருந்தது. அதன் மேல் தண்ணீர் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

மாமியார் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "ஏண்டி, ஆறுதானே கிடக்கு? இன்னொண்ணு எங்கே?" என்றார். புடவைத் தலைப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"நன்னாயிருக்கு. மாமனார் கண்ணிலே படாம பார்த்துக்கோ. ஆத்துல ஒரு எறும்பைக் கண்டாலே குதிப்பார்."

வாசலை அடுத்த ரேழியின் மூலையில் ஒரு மண்சட்டியில் வைத்து, ஓட்டை முறத்தால் மூடி வளர்த்தேன். கொல்லைப்புறத்து எருக்கிலையைத் தவிர வேறெதையும் அது தொடாது. கறிவேப்பிலை கொடுத்துப் பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் எருக்கிலையைப் போட்டால் அசுரத் தீனி. எனக்கு அப்போது பதினாறு வயது. அந்த வீட்டில் என்னை நம்பி இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் காலை சட்டி காலியாக இருந்தது. யார் காலில் மிதிபட்டதோ என்று சமையலறைப் புகையைச் சாக்காக வைத்து அழுது தீர்த்தேன்.

மறுநாள் மாமனார் குடையில்லாமல் ஆபீசுக்குக் கிளம்பினார். அவருக்கு வெயிலே ஆகாது, மண்டையிடி வந்துவிடும். "மறந்துட்டார், எடுத்துண்டு ஓடு" என்றார் மாமியார். ரேழிச் சுவர் ஆணியில் மாட்டியிருந்த குடையைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். வாசலில் அவர் திரும்பினார். அதுவரை என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஆட்டாதே. இருந்த இடத்திலேயே மாட்டு."

மாட்டிவிட்டு மடிப்புக்குள் எட்டிப் பார்த்தேன். குடைக்கம்பியில் வெளிர்பச்சையாக ஒரு கூடு தொங்கிக்கொண்டிருந்தது.

பத்து நாள் மாசி வெயிலில் டிராம் நிற்கும் இடம் வரை வெறுந்தலையோடு நடந்தார். சாயங்காலம் நெற்றியில் சுக்குப் பற்றோடு படுத்திருப்பார். சுக்கை இழைத்தபடி மாமியார் முணுமுணுப்பார். எனக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடு வெடித்தது. ஆரஞ்சு நிற இறக்கைகள் ஈரத்தோடு கசங்கித் தொங்கின. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அது காய்ந்து பறக்கிற வரைக்கும் தூணோரம் நின்றார். பிறகு குடையை உதறி, மறுபடியும் ஆணியில் மாட்டினார். நன்றி சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் மருமகள் மாமனார் எதிரில் நின்று பேசுகிற காலமா அது?

அடுத்த ரதசப்தமிக்கு என் பங்கு இலைகளை எடுத்தேன். எட்டு இருந்தது. ஒன்று அதிகம் என்று மாமியாரிடம் சொன்னேன்.

"எண்ணி வச்சது அவர். தப்பா எண்ண மாட்டார்."

எட்டாவது இலையைத் திருப்பினேன். அடியில் பட்டை போட்ட ஒரு குட்டிப் புழு.

அன்று குறைவில்லாமல் ஏழு இலைகளோடு குளித்துவிட்டு, நேரே போய் அவரை நமஸ்காரம் பண்ணினேன். பண்டிகை நமஸ்காரம் என்றுதான் மாமியார் நினைத்திருப்பார்.