இருபத்தைந்து சாவுக்கான பணம்

லாபு பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வீட்டில் உயிர் போனால், உறவுக்காரர்கள் வந்து சேருமுன் ஜெனவீவ் போய்ச் சேர்ந்துவிடுவார். கைப்பையில் மூவாயிரம் வெள்ளி இருக்கும். சவப்பெட்டிக்கும் வேனுக்கும் ஆகும். அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களா, மாதா கோயிலுக்குப் போகிறவர்களா என்று பார்ப்பதில்லை. தோட்டத்து மரண சகாய நிதிக்குப் பதினான்கு வருடமாக அவர்தான் பொருளாளர். படித்தது ஆறாம் வகுப்பு வரை. இருபது வருடம் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டினார். இந்த ஐம்பத்து மூன்று வயதில் நீலாயில் ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் வேலை.

இந்த மார்ச் மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. லோபாக்கிலிருந்து வந்த ஒரு கடிதம்தான் காரணம்.

அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் ஐந்து சேர்ந்து ஒரு கூட்டு நிதி வைத்திருந்தன. வருடத்துக்கு நாலு சாவு வரைக்கும் அந்தந்தத் தோட்டமே கொடுத்துக்கொள்ளும். ஐந்தாவது சாவிலிருந்து கூட்டு நிதி கொடுக்கும். அதற்காகத் தோட்டத்துக்கு நாற்பதாயிரம் மூலதனம் போட்டார்கள், வருடா வருடம் சந்தாவும் கட்டினார்கள். "இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே இன்ஷூரன்ஸ் கொடுக்கிற பெரிய கம்பெனி இருக்கு இல்லையா? நம்மளது அதுல குட்டி" என்பார் லோபாக்கில் இருக்கும் கூட்டு நிதிச் செயலாளர் திருச்செல்வம்.

கடிதத்தில் அவர் எழுதியிருந்தார்: மூலதனத்துக்குப் போன வருடம் நூற்றுக்குப் பன்னிரண்டு லாபம். ஆரம்பித்த வருடம் நூற்றுக்கு ஐந்துதான். ஆகவே தோட்டங்கள் தங்கள் கையிருப்பையும் கூட்டு நிதியில் சேர்த்துவிடலாம்.

தோட்டத்தின் கையிருப்பு பதினெட்டாயிரம். ஆறு சாவுக்குக் காணும். தோட்டத்து நிதியின் தலைவர் இராஜமாணிக்கம் ஒரு காலத்தில் வேலையாட்களை மேய்த்த மண்டோர்; அவருக்குக் கடிதத்தைப் படித்ததும் ஒரே சந்தோஷம். தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் கூட்டு நிதி வீட்டுக்கு வீடு பிஸ்கட் டின்னும் மைலோ தூளும் வைத்து ஒரு கூடை அனுப்பும். கூடை கனத்தால் நிதி நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். தோட்டத்து ஜனங்கள் இத்தனை வருடமும் அப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். தீர்மானம் போட்டதும் பொருளாளர் கையெழுத்து வைத்தால் பணம் போய்விடும்.

ஜெனவீவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. கேண்டீனில் பிள்ளைகள் ரேஹாட் இடைவேளை முடிந்து வகுப்புக்குப் போனதும், பழைய ஆண்டறிக்கைகளை மேசையில் பரப்பி, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். ஒரு பக்கம் மூலதனம், எதிரே லாபம்.

முதல் வருடம் மூலதனம் இரண்டு லட்சம், லாபம் பத்தாயிரம். போன வருடம் மூலதனம் எழுபத்தைந்தாயிரம், லாபம் ஒன்பதாயிரம்.

தப்பாக எழுதிவிட்டோமோ என்று பயந்து, சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தப்பில்லை. லாபம் கூடவே இல்லை, ஆயிரம் வெள்ளி குறைந்துதான் இருந்தது. அடியிலிருக்கிற மூலதனம் கரைந்து சின்னதானதால் நூற்றுக்கு இவ்வளவு என்பது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கொரோனா வருடம் சாவுகளுக்குக் கொடுத்ததில் ஒரு பெரிய பள்ளம். அது போக, வருடா வருடம் சம்பாதித்ததைவிடக் கூடுதலாகக் கூடைக்குச் செலவு.

அவருக்குத் தான் பால் வெட்டிய இருபத்தேழாம் நிறை, அந்த மர வரிசை, ஞாபகம் வந்தது. அந்த நிறையை அழிக்கப்போகிற கடைசி வருடம், மரத்தை இரண்டு பக்கமும் வெட்டச் சொன்னார்கள். பால் வாளி வாளியாக வந்தது. கணக்கு எழுதும் கிராணிக்கு எடை எழுதி மாளவில்லை. எல்லோரும் டிவி வாங்கினார்கள். மறுவருடம் மரமே இல்லை.

இதைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? மண்டோரையும் லோபாக்காரரையும் எதிர்த்து, ஆறாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு? இன்னொன்றும் அவர் நெஞ்சை அழுத்தியது. புருஷன் சந்தியாகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். வாயைத் திறந்தால் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்து, கூட்டம் நடக்கும் டேவான் மண்டபத்துக்குப் போனார். வழக்கம்போல அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். எல்லோரும் நின்றார்கள். உட்கார்ந்ததும் இராஜமாணிக்கம் கையெழுத்து வைக்கவேண்டிய பாரத்தை ஜெனவீவ் முன்னால் தள்ளினார்.

"சைன் வைம்மா. வெயில் ஏறுது."

"ஒரு வார்த்தை கேட்டுட்டு வைக்கிறேன், தலைவரே."

"என்னத்த கேட்க? பன்னெண்டு பெர்சென் லாபம்லா. பேங்க்ல யாரு கொடுப்பா?"

ஜெனவீவ் காலண்டர் தாளை விரித்தார். "லாபம் ஏறல தலைவரே. மொதலுதான் எறங்கியிருக்கு. கூடையில நாம தின்னது நம்ம மொதலுதான்."

பின்னாலிருந்து ரதி சத்தம் போட்டாள். "அக்கா, மைலோல கைய வைக்காதீங்க!" டேவானே சிரித்தது.

இராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. "சுத்தி வளைக்காத. வீட்டுக்காரரு உடம்ப நெனச்சு ஒனக்குப் பயம். அதான் காச வெளிய விடமாட்டேங்கிற."

சிரிப்பு நின்றுபோனது. ஜெனவீவுக்குக் கண் கலங்கியது.

"ஆமா, பயம்தான். நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆனா இந்தப் பணத்துலதான் பெட்டி வாங்கணும். இங்க யாரு வீட்டுல அந்தப் பயம் இல்ல, சொல்லுங்க?" முன்வரிசையில் உட்கார்ந்திருந்த திருச்செல்வத்தின் பக்கம் திரும்பினார். "சார், கோவிச்சுக்காதீங்க. இப்ப கூட்டு நிதியில இருக்கிற மொதல வச்சு எத்தன சாவுக்குக் கொடுக்க முடியும்?"

திருச்செல்வம் கெட்ட மனிதரில்லை. கைப்பேசியில் தட்டிப் பார்த்தார். "இருபத்தஞ்சு."

"கொரோனா வருசம் எத்தன கொடுத்தீங்க?"

அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். "முப்பத்தொண்ணு."

சற்றுமுன் வாசித்த பெயர்களில் ஒன்று ரதியின் அப்பாவுடையது. அவள்தான் எழுந்தாள். "அந்தக் கூடை வேணாம் சார். ரெண்டு மூணு வருசத்துக்கு அந்தக் காச மொதலுலயே போடுங்க. எங்க பதினெட்டாயிரம் இங்கயே இருக்கட்டும்."

கைகள் உயர்ந்தன. இராஜமாணிக்கம் எண்ணினார், இரண்டு தடவை. பிறகு பாரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "கூடை இல்லாத தீபாவளிக்கு ஜனங்க ஒன்னத்தான் ஏசும், பாத்துக்க" என்றார். அதில் கோபம் பாதிதான் இருந்தது. திருச்செல்வம் போகும்போது அந்தக் காலண்டர் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்ற நாலு தோட்டத்துக்கும் காட்டவேண்டுமாம்.

வீட்டில் சந்தியாகு நாற்காலியில் சாய்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நான் தைரியமா போகலாங்கிற" என்றார்.

"வாய மூடுங்க. சோத்த தின்னுங்க."

அவர் சிரித்தார். ஜெனவீவ் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி, புருஷனுக்காக வேண்டத் தொடங்கினார். ஆனால் மனம் புருஷனிடமே நிற்கவில்லை. மற்ற நாலு தோட்டமும் கூடையை விட்டுக்கொடுக்குமா? அதற்குள் இன்னொரு கொள்ளைநோய் வந்தால்? "இருபத்தஞ்சுக்கு மேல போகாமப் பாத்துக்கங்க, மாதாவே" என்று தன் வாய் முணுமுணுப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டார். இருபத்தைந்து பேரைச் சாகவிடும்படியா வேண்டுவது? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வேண்டுதலை முதலிலிருந்து ஆரம்பித்தார்.