விரல் இல்லாத படம்

எங்கள் அக்காவுக்கு அவள் வேலை பார்க்கும் பிராணிகள் மருத்துவமனையில் முசுடு என்று பெயர். வைத்தவர் டாக்டர். அவள் முகத்தைக் கண்டாலே நாய்கள் வாலைச் சுருட்டிக்கொள்ளும் என்பார். சுத்தப் பொய். நாய்கள் அவளிடம் பசை போல ஒட்டிக்கொள்ளும். மனிதர்கள்தான் தள்ளி நிற்பார்கள். அதே மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் மேசை என்னுடையது, அதனால் எனக்குத் தெரியும்.

அக்கா நர்ஸ். எக்ஸ்ரே அறை அவள் ராஜ்ஜியம். பூனையின் பின்னங்கால்களை எவ்வளவு நீட்டினால் இடுப்பு மூட்டு தெளிவாக விழும், மூச்சை இழுத்த எந்த நொடியில் மார்பைப் படம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மிருகம் சொன்னபடி படுக்காதே! அதனால் டாக்டர் வெளியே நின்று பொத்தானை அழுத்துவார், அக்கா உள்ளே நின்று பிடித்துக்கொள்வாள். கதிர்வீச்சு உடம்பைத் தாக்காமலிருக்க ஈய மேலங்கி உண்டு. ஈயக் கையுறை விறைத்துக் கிடந்ததால் யாரும் தொடுவதில்லை. கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைக்கூடச் சட்டையில் குத்தாமல் டிராயரில் போட்டிருந்தார்கள். அது ஒவ்வொரு முறையும் எல்லாம் நலம் என்றது. டிராயருக்கு நலம்தான்.

ஒருநாள் ஒரு பூனையின் படத்தை டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டினார். காலுக்குப் பக்கத்தில் நான்கு எலும்புகள், ஒன்றில் மோதிரம்.

"இது என்ன எலும்பு டாக்டர்?" என்றார் பூனைக்காரர்.

"அது எங்க நர்ஸ் விரல். இலவசமா சேர்த்துக் கொடுத்திருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அக்கா மட்டும் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டில் என் பழைய ஜீன்ஸ் காணாமல் போனது. கால்களை வெட்டி, மணல் நிரப்பி, இரண்டு பக்கமும் தைத்திருந்தாள். கிழிந்த மெத்தையின் ஸ்பாஞ்சை ஆப்பு ஆப்பாக வெட்டி மேசையில் அடுக்கியிருந்தாள். நான் கத்தினேன். "உனக்கு ஜீன்ஸ் பெரிசா, எனக்குக் கை பெரிசா?" என்றாள்.

மறுநாள் முதல் மிருகத்தின் கால் மேல் மணல் பையை வைத்து, ஆப்பை முட்டுக்கொடுத்துவிட்டு அக்கா வெளியே வந்துவிடுவாள். சாதுவான மிருகங்கள் அதற்கே அடங்கிவிட்டன. "தையல் கடை ஆரம்பிச்சாச்சா?" என்று டாக்டர் கிண்டலடித்தார். கதிரில் கை படக் கூடாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை, நேரமில்லை, அவ்வளவுதான். பிறகு நொண்டிக்கொண்டு ஒரு பெரிய நாய் வந்தது. தொட்டால் கடிக்க வந்தது. வெளியே கூட்டம் நெரிந்தது.

"பிடிம்மா, சீக்கிரம்" என்றார் டாக்டர்.

"ஊசி போடுங்க டாக்டர். அரைமயக்கத்துல மணல் பை போதும். அதோட இதயம் நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது மயங்குற வரைக்கும் யாரு காத்திருக்கிறது? பிடிக்க முடியலன்னா வேலைய விட்டுட்டுப் போ."

"பிடிக்கவும் மாட்டேன், போகவும் மாட்டேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ வா. வந்து பிடி."

எங்கள் வீட்டு அடுப்பு இந்த இரண்டு சம்பளத்தில்தான் எரிகிறது. பயத்தில் எழுந்துவிட்டேன். எக்ஸ்ரே அறை வாசலில் அக்கா இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றாள்.

"இவ கையையும் உள்ள விட மாட்டேன் டாக்டர். எங்க ரெண்டு பேரையும் அனுப்பிட்டு, நீங்களே பிடிச்சுக்கோங்க."

எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வந்தது. திரும்பிப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். "நானும் பிடிக்க மாட்டேன் டாக்டர்" என்றேன்.

டாக்டர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். முணுமுணுத்தபடி ஊசி மருந்தை எடுத்தார். நாய் உறங்கியது. படத்தில் நாயின் கால் மட்டும் இருந்தது.

மறுநாள் அந்தப் பழைய பூனைப் படத்தை அக்கா எக்ஸ்ரே அறைக் கதவில் ஒட்டினாள். டாக்டர் பிய்த்துப் போட்டார். அவள் மறுபடி ஒட்டினாள். இரண்டு பேரும் சில நாள் இதே வேலையாக இருந்தார்கள், முதலில் சலித்துப்போனவர் டாக்டர்.

போன வாரம் முயலோடு வந்த ஒரு பெண்மணி கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னம்மா எலும்பு?"

"என் விரல்தான்" என்றாள் அக்கா, ஜீன்ஸ் மணல் பையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு. "இப்போ இலவசம் இல்லை."